சுட்ட தாழ்ப்பாள்

என் மகள் லக்ஷனா போனில், "அப்பா, துவக்குக்கு ஒரு போல்ட் வேணும்" என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை இஞ்சி?" என்பதுதான்.

எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. ஆனாலும் இதில் என்னைக் குறை சொல்ல முடியாது. பதுளை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனிடம் யார் எதைக் கேட்டாலும் அவன் முதலில் அளவைத்தான் கேட்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று விசாரிக்காமல், எத்தனை அடி உயரம் என்று நான் கேட்டதை என் மனைவி பரிமளம் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஐந்தடி ஓர் அங்குலம். கேட்டு வைத்ததில் என்ன தப்பு? எந்த நிலையிலும் தலை இடிக்காமல் வாழ்கிறாள்.

லக்ஷனா கடையின் பின்னறையில்தான் இருந்தாள். பத்தடி எழுந்து வர அலுப்பாக இருந்தால் போன் பண்ணுவாள். நான் அரை இஞ்சியில் கொஞ்சம், முக்கால் இஞ்சியில் கொஞ்சம், நட்டும் வாஷருமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அவள் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதீஷும் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, இது நட்டு போல்ட்டு."

"நீ அதைத்தானே கேட்டே?"

"நான் கேட்டது துவக்கு போல்ட்டுப்பா!"

"துவக்குக்கு என்னம்மா தனி போல்ட்டு? உலகத்துல எந்த இரும்பையும் இதாலதான் இறுக்குறது."

பிரதீஷ் மரியாதையான பையன். சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே பார்ப்பதற்கு எங்கள் தண்ணீர்த் தாங்கியைத் தவிர ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். லக்ஷனா ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் 'சங்கு காணோம்'. தோட்டத்து ஸ்டோருச் சங்கை ஒரு கொள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். சங்கு ஊதாததால் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வரவில்லை, துரை தவிக்கிறார், தோட்டமே தூங்குகிறது. கதாநாயகன் போய்ச் சங்கை மீட்டு வருகிறான். கதாநாயகன் பிரதீஷ். மலை மேல் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பையன், கையில் ஸ்பேனரோடு பிறந்தவன். கொள்ளைக்காரன் எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றும் திரீவீலர்த் தம்பையா. பஸாரில் எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதால் படம் முழுக்க அவனுக்கு மங்கித் தொப்பி மாட்டிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

இந்தப் படத்துக்கு என் வீட்டில் ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. பரிமளம் சொன்ன வார்த்தை இது: "ஒன்னே ஒன்னு. எடுத்து முடிச்சு என் கண்ணு முன்னால காட்டு. பாதியில நின்னுச்சு, கேமராவைப் பொட்டியில வச்சுட்டு கடையில வந்து உக்காரணும். சொல்லிட்டேன்."

பரிமளம் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது.

படம் முடிய ஒரே ஒரு காட்சி பாக்கி. ஸ்பிரிங்வெளியில் மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோருக்குள் நடக்கும் கடைசிச் சண்டை. பிரதீஷுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை எடுக்காவிட்டால் கதாநாயகன் பாலைவனத்தில், படம் பாதியில், லக்ஷனா என் கல்லாவில்.

"ஒரு விளையாட்டுத் துவக்கு வாங்கினாப் போதாதா?" என்றேன்.

"போதாதுப்பா. கிட்டத்துல காட்டணும். சுடும்போது போல்ட் பின்னால போய் முன்னால வரணும், வெடிச்ச தோட்டாவோட காலிக் கோது வெளிய பறக்கணும். கடைசியில போல்ட் பின்னாலயே நின்னுரும். அதைப் பார்த்துத்தான் ஹீரோ, குண்டு முடிஞ்சிருச்சுன்னு ஒளிஞ்ச இடத்துல இருந்து எந்திரிக்கிறான். காட்சியே அதுலதான் இருக்கு."

"போல்ட் போல்ட்னா அது எப்படித்தான் இருக்கும்?"

லக்ஷனா காற்றில் கையால் காட்டினாள். சின்னக் குமிழைப் பிடித்து மேலே தூக்கினாள், பின்னால் இழுத்தாள், முன்னால் தள்ளினாள், கீழே மடக்கினாள்.

நான் எழுந்து போய், மூன்றாவது தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து வைத்தேன். அவள் கை காட்டிய அத்தனையையும் அது செய்தது. தூக்கு, இழு, தள்ளு, மடக்கு.

"அப்பா! இது தாழ்ப்பாள்!"

"பொட்டியில என்ன போட்டிருக்கு, வாசி."

'டவர் போல்ட்' என்று போட்டிருந்தது. கடை திறந்த நாளிலிருந்து நான் விற்றுவரும் சரக்கு. பெட்டியில் எழுதியிருப்பதை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன்.

பிரதீஷ் தாழ்ப்பாளைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் ஓட்டினான். அவன் கண் மாறிவிட்டது. "மொதலாளி, நெசமாவே இதுதான். துவக்கு போல்ட்டுங்கிறது ஒரு கதவுதாங்க. வெடிக்கிற நேரம் சாத்திக் கிடக்கணும். வெடிச்சு முடிஞ்சதும் திறந்து, காலிக் கோதை வெளிய தட்டிவிட்டு, அடுத்ததை உள்ள தள்ளிக்கிட்டே மறுபடி சாத்திக்கணும்."

"யாரு திறந்து சாத்துறது?"

"பழைய துவக்குல கையாலதான். தானா சுடுறதுல வெடிச்ச வேகமே கதவைப் பின்னால தள்ளிரும். பின்னால ஒரு ஸ்பிரிங் இருக்கு, அது அமுங்கி மறுபடி முன்னால தள்ளும். போற வேகத்துல பழசு வெளிய, வர்ற வேகத்துல புதுசு உள்ள. மறுபடி வெடி."

"அதாவது, ஒரு வெடியே அடுத்த வெடிக்கு வழி பண்ணிக் குடுக்குது."

"ஆமாங்க."

"இப்ப நல்லாப் புரியுதுப்பா. எங்க வீட்டுல ஒன்னு இருக்கு."

லக்ஷனா என் முழங்கையில் கிள்ளினாள். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. பரிமளத்திடம் ஒரு வார்த்தைதான் முதலில் புறப்படும். "ஏன் பருப்பு வாங்கலை?" அது வெடித்த வேகத்திலேயே போன வாரத்து மண்ணெண்ணெய் உள்ளே ஏறும், அது வெடிக்க, போன வருசத்துத் தீபாவளி ஏறும். நடுவில் யாரும் எதையும் இழுத்துவிட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து ஒரு நாளும் சிக்கியதில்லை.

"ஒன்னு மட்டும் கவனமா இருக்கணுங்க," என்றான் பிரதீஷ். "நெசத் துவக்குல உள்ள அமுக்கம் குறையிறதுக்கு முன்ன கதவு திறந்துரக் கூடாது. திறந்தா பிடிச்சிருக்கிறவன் மூஞ்சியிலதான் வெடிக்கும். சூடு ஆறட்டும்னு ஒரு நொடி பொறுத்துத்தான் திறக்கும். அந்த ஒரு நொடியிலதான் இஞ்சினியர்மார் மண்டையை உடைச்சுக்கிறாங்க."

அந்த ஒரு நொடி எனக்கும் தெரியும். பரிமளம் கோபமாக இருக்கும்போது சமையலறைக் கதவை எப்போது திறக்கலாம் என்பதில் நானும் பல வருசமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் துவக்கில் வெடியே கிடையாது. அதனால் வெடியின் வேலையைச் செய்ய ஒரு மோட்டார் வேண்டியிருந்தது. தம்பையாவின் திரீவீலரிலிருந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றினோம். "மழை வந்தா?" என்றான் தம்பையா. "வராது" என்றேன். அல்பீசியாப் பலகையில் உடம்பு செதுக்கினோம். வலைக்கதவு ஸ்பிரிங், திரைச்சீலைக் குழாய், கோதுக்குப் பேனா மூடி, மூடிக்குத் தங்க நிறப் பூச்சு. மோட்டார் தாழ்ப்பாளைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் முன்னால் தள்ளும், பேனா மூடி பறக்கும்.

பறக்க வேண்டும். பறக்கவில்லை. தாழ்ப்பாள் நடுவழியில் சொரசொரவென்று மாட்டி நின்றது. வேறு தாழ்ப்பாள் போட்டோம், அது போய்விட்டுத் திரும்பி வர மறுத்தது. மூன்றாவது வந்தது, ஆனால் வெளியே போகிற மூடியை வாசலிலேயே நசுக்கிப் பிடித்தது. மூடி புகைபோக்கி மாதிரி நட்டுக்குத்தலாக நின்றது. கடையில் இருந்த அத்தனை ரகத்தையும் பூட்டிப் பார்த்துவிட்டோம்.

"மொதலாளி, உங்க கடைச் சாமான் ஒன்னுமே சரியில்லையே," என்றான் தம்பையா.

"சத்தமா சொல்லாதே. வாசல்ல ஆள் நிக்குது."

அன்று இரவு வீட்டில் குளிக்கப் போனவன், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று உட்கார்ந்தது. இழுத்தேன், வந்தது. தள்ளினேன், 'டக்'. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கு நானே பூட்டிய பழைய பித்தளைத் தாழ்ப்பாள். குடும்பத்தின் அத்தனை கைகளும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. நான் குளிக்காமலேயே நெடுநேரம் உள்ளே நின்றேன்.

"உள்ள என்ன பண்றீங்க? டக்கு டக்குன்னு?" என்றாள் பரிமளம் வெளியிலிருந்து.

"ஒன்னுமில்லம்மா. காத்து."

ஞாயிற்றுக்கிழமை காலை, கொஸ்லந்தவிலிருந்து வந்து தங்கியிருந்த தன் அண்ணனை அழைத்துக்கொண்டு பரிமளம் கோயிலுக்குப் போனாள். நான்கு திருகாணிகள். இரண்டே நிமிட வேலை. திருடுவதையும் சுடுவது என்றுதானே சொல்கிறோம்? அந்தத் துவக்குக்காக நடந்த முதல் சூடு அதுதான்.

லக்ஷனாவும் பிரதீஷும் கேமராவோடு விடிந்ததுமே போய்விட்டார்கள். பித்தளைத் தாழ்ப்பாளைக் கடையில் வைத்துப் பூட்டிப் பார்த்தேன். மூடிகள் வரிசையாகப் பறந்தன. துவக்கை உரப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பையாவின் திரீவீலரில் ஏறினேன். பதுளையில் நல்ல வெயில். ஸ்பிரிங்வெளி ஏற்றம் பிடித்ததும் மழை.

"வராதுன்னீங்க," என்றான் தம்பையா. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்தான். வைப்பர் என் மடியில் துவக்காக உட்கார்ந்திருந்தது.

மழையில் வைப்பருக்குப் பதிலாகக் கை ஆடும் திரீவீலரை எந்தப் பொலிஸ்காரர்தான் விடுவார்? வளைவில் நின்ற ஒருவர் கை காட்டினார். லக்ஷனா முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கித்தான் இருந்தாள். ஆனால் அந்தக் கடிதம் அவள் பையில், அவள் மலை மேலே. நான் எதற்கும் இருக்கட்டும் என்று சிங்களத்தில் ஒரு வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'பொரு துவக்குவக், சேர்.' பொய்த் துவக்கு, ஐயா.

அவர் உரப்பையைத் தொட்டு, "மொகக்த மே?" என்றார், இது என்ன என்பதாக.

"துவக்குவக், சேர்," என்றேன்.

'பொரு' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தம்பையா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

"எத்தத?" என்றார் அவர். நிஜமாகவா என்று அர்த்தம். பயத்தில் கடையில் பேசும் சிங்களமெல்லாம் மறந்துபோய், எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இருந்தது ஒரே ஒரு சொல்தான்.

"எத்த, சேர்," என்றேன். நிஜம்தான், ஐயா.

அவர் இரண்டடி பின்னால் போனார். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் உரப்பை நழுவி, முழங்கை விசையில் பட்டுவிட்டது. டக்டக்டக்டக் என்று தங்கப் பேனா மூடிகள் பறந்தன. ஒன்று அவர் தொப்பியில் பட்டது, ஒன்று சட்டைப் பையில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த பஸ்ஸே நின்றுவிட்டது.

மலை மேலிருந்த லக்ஷனாவிடம் போனில் பேசி விவரம் கேட்டுக்கொண்ட பிறகு, துவக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழல் நுனியில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டு போகச் சொன்னார். மழை விடும் வரைக்கும் ஓரத்தில் நிற்கச் சொன்னார். நின்ற நேரத்தில், தன் குவாட்டர்ஸ் குளியலறையிலும் தாழ்ப்பாள் மாட்டுவதாகவும், இதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டார். "இது கடையில கெடைக்காது சேர்," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மேற்கணக்கு என்கிற தோட்டத்து மேல் பிரிவில், பழைய ஸ்டோரு மூடுபனிக்குள் பாதி தெரிந்தது. உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிய வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. லக்ஷனா அதைப் பார்த்துத் துள்ளினாள். "அப்பா, இந்த வெளிச்சம்! இதுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்!"

தம்பையா மங்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு துவக்கைத் தூக்கினான். பிரதீஷ் தேயிலை சுருட்டும் பழைய ரோலர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்தான். லக்ஷனா கேமராவைத் துவக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ஆக்ஷன்!" என்றாள்.

மோட்டார் உறுமியது. தாழ்ப்பாள் பின்னால் போயிற்று. அங்கேயே நின்றது.

குண்டு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிரதீஷ் ரோலருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இப்ப எந்திரிக்கவா?" என்றான்.

பதுளை வெயிலில் செய்த சாமான் ஸ்பிரிங்வெளி ஈரத்துக்கு ஊதிவிட்டது. அல்பீசியாப் பலகை தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சவர்க்காரம் தேய்த்தேன். மெழுகுதிரி தேய்த்தேன். பிரதீஷ் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக்கூட வழித்துப் பூசினேன். ஊதிய மரத்தோடு மோதிய மோட்டார் கடைசியில் ஒரு நாற்றத்தை விட்டுவிட்டு மௌனமாகிவிட்டது.

"என் வைப்பர்," என்றான் தம்பையா மெதுவாக.

வெளிச்சம் ஜன்னலில் ஏறி விலகிக்கொண்டிருந்தது. லக்ஷனா கத்தியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேமராவின் கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கையால் இழுத்துப் பார்ப்போம் என்று துவக்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். ஒரு முறை வந்தது. அடுத்த முறைக்கு இரண்டு கை தேவைப்பட்டது.

அப்போதுதான் வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. கொஸ்லந்த மச்சானின் வேன். மச்சான் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார், புத்திசாலி. பரிமளம் இறங்கி வந்தாள்.

"எங்க அந்த மனுசன்?"

நான் துவக்குக்கு அடியிலேயே இருந்தேன். கதவைத் திறக்கும் நேரம் இதுவல்ல.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்து பார்த்தா, பாத்ரூம் கதவுல நாலு ஓட்டை! நாலு ஓட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, பெயின்ட்டுல ஒரு கீறல் இல்லாம இவ்வளவு அழகா ஸ்குரூ கழட்டுற திருடன் பதுளையில ஒருத்தன்தான்! அண்ணன் உள்ள உக்காந்துக்கிட்டு தேவாரம் பாடுறாரு! எங்க அண்ணன்! கோயில்லயே வாயைத் திறக்காத மனுசன், யாராச்சும் கதவைத் தள்ளிருவாங்களோன்னு பயந்து மூணு தேவாரம் பாடியிருக்காரு! எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா? ஊருக்கே தாழ்ப்பாள் விக்கிற வீட்டுல பாட்டுப் பாடிக்கிட்டா குளிக்கிறது?"

கூரைத் தகரம் எதிரொலித்தது. ஒவ்வொரு வார்த்தையும் அடுத்ததை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. பிரதீஷ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். தொழில்நுட்பம் தெரிந்தவன் அல்லவா.

அந்த நேரத்தில்தான் அவள் லக்ஷனாவைப் பார்த்தாள்.

"ஏன்டி அழுவுற?"

"அழலம்மா. மிஸ்ட்டு."

"மிஸ்ட்டு கண்ணுக்குள்ளயா வருது?" பரிமளம் சுற்றிப் பார்த்தாள். ரோலர், எண்ணெய் வழிந்த பிரதீஷ், மங்கித் தொப்பித் தம்பையா, தரையில் சிதறிக் கிடந்த தங்க மூடிகள், துவக்குக்கு அடியில் என் கால். "எதுக்கு நிக்கிறீங்க எல்லாரும்? எடுத்து முடிக்க வேண்டியதுதானே?"

"முடியாதும்மா. போல்ட் ஓட மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிச்சம் போயிரும். நாளைக்கு பிரதீஷ் கொழும்புக்குப் போவணும்." லக்ஷனா கேமராவின் வாரைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "பாதியில நின்னுருச்சு. நீங்க சொன்னபடியே கடையில வந்து உக்காந்துக்கிறேன்."

அதை அவள் அடம்பிடித்துச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, காப்பாற்ற வேண்டியதுதான் என்கிற மாதிரிச் சொன்னாள். பரிமளத்திடம் கற்ற பழக்கம்தான் அது. பரிமளம் ஒரு கணம் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அந்த இயந்திரம் நடுவில் நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு குனிந்து என் காலில் தட்டினாள். "எந்திரிங்க. இப்படி இழுத்தா அது ஜென்மத்துக்கும் வராது."

"மரம் ஊதிருச்சும்மா."

"மழை வந்தா நம்ம வீட்டுக் கதவும்தான் ஊதுது. நீங்க பூட்டும்போது சுத்தியலால அடிச்சீங்களே, அன்னைக்கே அது வளைஞ்சு போச்சு. மேல கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் சாய்ச்சுக்கிட்டு இழுக்கணும். அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் அப்படித்தானே இழுக்கிறேன். ஒங்களுக்கு இது தெரியவே தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மழை நாளில் நான் தாழ்ப்பாளே போடுவதில்லை. பாடிவிடுவேன்.

பரிமளம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துவக்குக்கு அடியில் உட்கார்ந்தாள். தூக்கினாள், சாய்த்தாள், இழுத்தாள். 'டக்.' மறுபடி. 'டக்.' பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலை நேரத்து வேகத்தில் டக்டக்டக்டக் என்று ஓடத் தொடங்கியது.

"அம்மா! அப்படியே! நிறுத்தாதீங்க! கை தெரியுது, வளையலைக் கழட்டுங்க!"

"வளையலெல்லாம் கழட்ட மாட்டேன்."

தம்பையாவின் கறுப்பு ஜாக்கெட் கையை அவள் கைக்கு மாட்டிவிட்டோம். பிரதீஷ் ரோலருக்குப் பின்னால் பாய்ந்தான். லக்ஷனா, "ஆக்ஷன்!" என்றாள்.

தாழ்ப்பாள் பேசியது. மூடிகள் பால் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சுழன்று பறந்தன. கடைசி மூடி பறந்ததும் பரிமளம், யாரும் சொல்லாமலே, தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்து அப்படியே பிடித்தாள். பிரதீஷ் மெல்ல எழுந்தான்.

"கட்!"

எல்லோரும் கை தட்டினோம். லக்ஷனா ஓடவிட்டுப் பார்த்தாள். பார்த்தவள் முகம் பார்க்கப் பார்க்க மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் பிரமாதம். ஆனால் நடுவில் ஜாக்கெட் கை நழுவி, மங்கித் தொப்பிக் கொள்ளைக்காரனின் கையில் ஆறு கண்ணாடி வளையல் பளிச்சென்று மின்னியது.

"சரியா வந்துச்சா?" என்றாள் பரிமளம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. நெடுங்காலத்துக்குப் பிறகு அவள் ஒரு பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

மூடிகளில் பாதி நசுங்கிப் போயிருந்தன. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி எடுக்க வழியில்லை. லக்ஷனா அம்மாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தம்பையாவைப் பார்த்தாள்.

"சரியா வந்திருக்கும்மா," என்றாள். "தம்பையா அண்ணே, தொப்பியைக் கழட்டி அம்மாகிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"கொள்ளைக்காரன் அம்மாதான். படம் முழுக்க முகம் தெரியலையே? கடைசியில தொப்பி கழண்டு விழுது, உள்ள பார்த்தா ஒரு அம்மா."

"அப்ப நான் யாரு?"

"அண்ணே, நீங்க இனிமே அந்த அம்மாவோட டிரைவர்."

தம்பையா தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். "வைப்பரும் போச்சு, வில்லனும் போச்சு," என்றான்.

"நான் நடிக்க மாட்டேன்டி," என்றாள் பரிமளம். ஆனால் தொப்பியை வாங்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"நடிக்க வேண்டாம்மா. அப்பாவைத் திட்டினீங்களே, அதுல ஒரு வரி மட்டும் போதும். பிரதீஷ் கையில சங்கு இருக்கு. உங்ககிட்ட இருந்து எடுத்துட்டான். அவனைப் பார்த்துச் சொல்லுங்க."

பரிமளம் சொன்னாள். "எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா?" முதல் தடவையிலேயே சரியாக வந்தது. பிரதீஷ் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கிச் சங்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டான். அப்புறம் வசனத்தில் இல்லாத ஒன்றைச் செய்தான். "எடுத்த எடத்துல வைக்கத்தாம்மா போறேன்," என்று சங்கைத் தூக்கி ஊதினான். உள்ளே தூசி அடைத்திருந்த சங்கிலிருந்து, மாடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முதலில் குலுங்கியது கொள்ளைக்காரிதான். அதையும் லக்ஷனா படத்தில் அப்படியே வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரதீஷ் பறந்தான். படத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில், நிபந்தனைப்படி பரிமளத்தின் கண் முன்னால் போட்டுக் காட்டினோம். வளையல் மின்னிய இடத்தில் எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்தாள். முடிந்ததும், "மறுபடி போடு," என்றாள். கட்டாரிலிருந்து பிரதீஷ் பேசினான். அவன் தங்கியிருக்கும் அறையில் போனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பார்த்தார்களாம். சங்கு எங்கே, துவக்கு எங்கே என்று ஒருவனும் கேட்கவில்லையாம். "அந்த அம்மா யாருடா?" என்றுதான் கேட்டார்களாம். "எங்க அம்மா மாதிரியே திட்டுறாங்க" என்று ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டானாம். அதைக் கேட்டதும் பரிமளம் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஒரு நொடி பொறுத்துத்தான் அந்தக் கதவைத் திறந்தேன்.

கேமரா பெட்டிக்குள் போகவில்லை. பித்தளைத் தாழ்ப்பாள் குளியலறைக்கு வந்துவிட்டது. இம்முறை சுத்தியலை என் கையில் கொடுக்காமல் பரிமளமே நின்று பூட்ட வைத்தாள். தம்பையாவுக்குப் புது வைப்பர் மோட்டார் பூட்டிக் கொடுத்தேன். கொஸ்லந்த மச்சான் மட்டும் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு, பாட்டும் பாடுகிறார்.

நேற்று மத்தியானம் கடையில் இருந்தபோது பின்னறையிலிருந்து போன் வந்தது. "அப்பா, அடுத்த படத்துக்கு ஒரு ஹெலிகொப்டர் வேணும். மேல சுத்துற அந்த இறக்கை மட்டும் போதும்."

எனக்கு உடனே எங்கள் கூடத்து மின்விசிறி ஞாபகம் வந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த பரிமளம் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"எத்தனை இஞ்சி?" என்றாள்.